மொய் நோட்டில் எழுதப்படாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கம், பேரிடர்க் காலங்களில் தமிழக மக்கள் காட்டும் மனிதநேயத்தைப் பாராட்டி முடிந்திருந்தது. அந்தப் பாராட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயலுக்குத் தோப்பைப் பறிகொடுத்து, சில நாட்கள் பிறர் சமைத்த சோற்றை உண்டு, பல ஆண்டுகள் கழித்து நிமிர்ந்த ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். அந்த மனிதநேயம் எந்த வழியாக வந்தது, எங்கே முட்டிக்கொண்டு நின்றது, யாருடைய வாசலுக்கு வராமலே திரும்பியது என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள்; ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் எங்களுடையது. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் எங்களுக்கு இன்றும் ‘புதாறு’தான். அந்தத் தண்ணீரையும் பிறகு ஆழ்குழாயையும் நம்பி, நெல்லில் நட்டமடைந்தவர்கள் மெல்ல மெல்லத் தென்னைக்கு மாறினார்கள். தென்னங்கன்று என்று நாங்கள் சொல்வதில்லை, தென்னம்பிள்ளை என்போம். பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை போடும் என்பது இங்கே வெறும் பழமொழியாக இல்லாமல் முதுமைக்கான ஏற்பாடாகவே இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் வழியே உள்நாட்டுக்குள் போனபோது, அந்த ஏற்பாடு ஓர் இரவில் முடிந்துபோயிற்று. முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சிறிது ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. முதற்காற்றில் சாய்ந்து நின்ற மரங்களை இரண்டாம் காற்று எதிர்ப்பக்கமாகத் திருகி முறித்தது. 1952ஆம் ஆண்டுப் புயலையும் 1977ஆம் ஆண்டுப் புயலையும் பார்த்த பெரியவர்கள், அவற்றில்கூட இத்தனை தென்னை விழவில்லை என்றார்கள். அப்போது இத்தனை தென்னை இருந்ததா என்பது வேறு கேள்வி.

முதல் மூன்று நாட்கள் எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து எவரும் வரவில்லை, வரவும் முடியாது. சாலை முழுவதும் மரங்கள் கிடந்தன. புயலுக்கு முன்பு தாழ்வான பகுதி மக்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அரசு நன்றாகவே செயல்பட்டது. இல்லாவிட்டால் உயிரிழப்பு பன்மடங்கு கூடியிருக்கும். ஆனால் காற்று நின்ற பிறகு வந்த நாட்களுக்கு யாரிடமும் திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மூன்று நாட்களில் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்த இரண்டு இளைஞர்கள் தெருத் தெருவாக வழி திறந்தார்கள். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் ஒருவர், அதை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஏற்றினார். டீசலுக்கு மட்டும் வீட்டுக்கு இருபது ரூபாய் வாங்கினார். நான் பணியாற்றி ஓய்வுபெற்ற பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் கூரை போன எண்பது பேர் தங்கினார்கள். முறிந்த மரங்களிலிருந்த இளநீர் ஒரு வாரம் எங்களுக்குக் குடிநீராக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அன்பு, கருணை என்ற பெரிய சொற்களால் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களிடம் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பற்றித் தங்கள் நாளிதழே பலமுறை செய்தி வெளியிட்டிருக்கிறது. கறிச்சோறு போட்டுக் கோடிக்கணக்கில் பணம் சேர்க்கும் வேடிக்கையாகவே அந்தச் செய்திகள் பெரும்பாலும் அமைகின்றன. உள்ளே இருந்து பார்த்தால் அது வட்டியும் பத்திரமும் இல்லாத ஊர் வங்கி. சிலர் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்துச் செலவைப் பகிர்ந்துகொண்டு விருந்து வைப்பார்கள். வருபவர் வைக்கும் தொகை நோட்டில் ஏறும். சில ஆண்டுகள் கழித்து அவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அந்தத் தொகையைத் திருப்புவதோடு, ‘புதுநடை’யாகக் கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். இதனால் வீடு கட்டியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள், ஆழ்குழாய் போட்டவர்கள் ஏராளம். நடையைத் திருப்ப முடியாமல் ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

மொய்யில் நான் மதிப்பது அதன் கணக்கைத்தான். வாங்குகிறவன் அங்கே கூனிக் குறுகி நிற்பதில்லை. நேற்று நான் வைத்தேன், இன்று நீ வைக்கிறாய், நாளை மறுபடி நான் வைப்பேன் என்ற தெம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து வாங்குகிறான். புயலுக்குப் பிந்திய ஆடியில் எங்கள் பக்கத்து விருந்துகளில் வசூல் வெகுவாகக் குறைந்தது. அப்போதும், ஐந்தாயிரம் வைக்க வேண்டியவர் ஆயிரத்தை வைத்துவிட்டு, “மீதியை மரம் காய்க்கையில் எழுதிக்குங்க” என்று சொன்னதையும், எழுதுகிறவர் மறுபேச்சின்றி அப்படியே எழுதிக்கொண்டதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு ஊர் எல்லையோடு நிற்பதுமில்லை. கஜாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2018 ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது எங்கள் பகுதியிலிருந்து அரிசியும் பிஸ்கட்டும் போர்வையும் லாரிகளில் போயின. அந்த வெள்ள நிவாரண நிதிக்காகவே மொய் விருந்து நடத்தியவர்களும் உண்டு. தமிழக அரசு முதலில் ஐந்து கோடியும் பிறகு ஐந்து கோடியுமாகப் பத்துக் கோடி ரூபாய் வழங்கியது. நவம்பரில் நாங்கள் விழுந்தபோது கேரள அரசு எங்களுக்கு அறிவித்ததும் அதே பத்துக் கோடிதான். எங்கள் ஊர் வழக்கப்படி இது சரியான மொய் ஆகாது, புதுநடை எங்கே என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஆனால் அந்தப் புதுநடையும் வந்து சேர்ந்தது. கேரள மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள்.

மின் ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் கஜாவைப் பற்றிப் பேச முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள், நடவு முடிந்த வயல்களில் முழங்கால் சேற்றில் இறங்கி, வாகனம் போக வழியில்லாத இடங்களுக்குக் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்றார்கள். வேலையின்போது உயிரிழந்தவர்களும் உண்டு. எங்கள் ஊரில் அவர்கள் கல்யாண மண்டபத்தில் தங்கினார்கள். தங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட வழியில்லாதவர்கள்கூட முறை வைத்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மொழி புரியாமல், “குழம்பு வேண்டுமா?” என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டதும், அவர்கள் “மதி, மதி” என்றதும், மதி என்றால் போதும் என்று தெரியாமல் இவர்கள் மேலும் மேலும் ஊற்றியதும் இன்றுவரை எங்கள் தெருவின் சிரிப்புக் கதை. இருபத்தேழாம் நாள் எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது. உட்கிராமங்களில் இன்னும் தாமதமாயிற்று.

இனி, மனிதநேயம் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்ல வேண்டும். வழி திறந்த பிறகு வெளியூர்களிலிருந்து வந்த வாகனங்களுக்குக் குறைவில்லை. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பதைச் சாலைதான் தீர்மானித்தது. பிரதான சாலையோரத்துக் குடும்பத்துக்கு ஐந்து பாய், பத்துப் பொட்டலம் பிஸ்கட், மூன்று தார்ப்பாய் கிடைத்தன. இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த குடியிருப்பில் மழைக்கு விரிக்க ஒரு தார்ப்பாய்கூட இல்லை. பழைய துணிகளின் கதையும் அதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாமல் மலைபோல் குவிந்து மழையில் நனைந்து மக்கிய துணிகளை என் கண்ணால் பார்த்தேன். உறவுகளை வாரிக் கொடுத்துவிட்டு நின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கிழிந்த சட்டையை அனுப்பியவர்களின் மனதில் கெடுதல் இருந்திருக்காது; எதிரில் நிற்பவர் ஒரு மாதத்துக்கு முன்பு தம்மைப்போலவே கடையில் பேரம் பேசிப் புதுத்துணி வாங்கியவர் என்ற நினைவு மட்டும் இல்லாமல் போயிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே மூட்டைகள் எங்கள் ஊருக்கும் வந்தன. எங்கள் பெண்கள் அவற்றை மறுக்கவில்லை, கிணற்று மேட்டில் அடுக்கி வைத்தார்கள். ஒருவரும் உடுத்தவில்லை.

நாகப்பட்டினத்தில் அன்று நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து, எந்த ஊருக்கு என்ன தேவை, யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்யும் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று சில நாட்களுக்குள்ளேயே அமைந்தது. குறைகள் இருந்தாலும், ஒரே ஊருக்கு ஒரே பொருள் இரட்டிப்பாகப் போவது பெருமளவு குறைந்தது. அந்த ஏற்பாடு பழக்கமாகியிருந்தால் 2018இல் எங்கள் உட்கிராமங்கள் அப்படிக் காத்துக் கிடந்திருக்காது.

அந்த நாட்களில் மறியல்கள் நடந்தன. கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன, பலர் கைதானார்கள். தீ வைத்ததை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கொடுத்துப் பழகிய ஊர் கையேந்த நேர்ந்தபோது, ஏந்திய கைக்கும் எதுவும் வராதபோது எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் அதை வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக எழுதியவர்கள் எங்களை அறியாதவர்கள்.

அரசு கொடுத்ததைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புள்ளிவிவரங்களைத் தங்கள் நாளிதழ் அப்போதே வெளியிட்டது. விழுந்த தென்னைக்கு இழப்பீடாக 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் வந்தது. என்னைப் பொறுத்தவரை பொக்லைன் வாடகையும் ஆள்கூலியுமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அகற்றாமல் விடவும் முடியாது; மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற மரத்தையும் குருத்தில் துளைத்துவிடும். தமிழக அரசு ஏறக்குறைய 15,000 கோடி கேட்டதும், மத்திய அரசு தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 1,146 கோடி ஒதுக்கியதும் எல்லோருக்கும் தெரிந்தவை. தொகை போதாது என்பது என் முதன்மையான குறை இல்லை. அது யாருக்குப் போகவில்லை என்பதே என் குறை.

தென்னைக்கு இழப்பீடு என்றால் தென்னை வைத்திருப்பவருக்கு. எனக்கு அறுபத்திரண்டு மரம் விழுந்தது, பட்டா என் பெயரில் இருந்தது, பணம் வந்தது. அந்த அறுபத்திரண்டு மரத்திலும் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஏறிக் காய் பறித்தவருக்கு, மட்டை உரித்தவருக்கு, கீற்று முடைந்து விற்ற பெண்களுக்கு, கயிற்றுத் தொழிற்சாலைக்குப் போய்வந்தவர்களுக்கு எந்த மரமும் சொந்தமில்லை. ஆகவே கணக்குப்படி அவர்கள் எதையும் இழக்கவில்லை. குடிசை போனதற்குப் பத்தாயிரம் ரூபாயும், அரிசி முதல் போர்வை வரை இருபத்தேழு வகைப் பொருட்களும் கொடுத்தார்கள். ஆறேழு ஆண்டுகளுக்கு வேலையே இருக்காது என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் மேலே பெருமையாகச் சொன்ன மொய்க் கணக்கும் அவர்களைக் கைவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொய் என்பது உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் சுற்றுகிற பணம். வைத்தவனுக்குத்தான் திரும்பி வரும். எவருடைய நோட்டிலும் பெயர் ஏறாத குடும்பங்கள் எங்கள் ஊரின் கீழத்தெருவில் எழுபதுக்கு மேல் இருந்தன. மரம் அறுத்து வழி திறந்த இளைஞர்கள் அந்தத் தெருவுக்குப் போனது நான்காம் நாள். பள்ளியில் சேர்ந்து தங்குவதிலும் ஒரே பந்தியில் உண்பதிலும் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஊரில் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம், முகாம்களில் சாதி பார்க்கப்படுகிறது என்ற புகார் 2004இலும் எழுந்தது, 2018இலும் எழுந்தது. அன்றைக்கு அந்த முணுமுணுப்பை நான் கண்டித்தேன். நான்காம் நாள் வரை அந்தத் தெருவை நினைக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்பது பின்னால்தான் உறைத்தது.

கீழத்தெருவுக்கு நிவாரண உதவிக்காக முதலில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்களே. கொச்சியிலிருந்து வந்த ஒரு சிறு குழு, சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகாமல், உள்ளே நடந்து போய் வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மூன்றாம் நாள் திரும்பி வந்து கேட்டவற்றைக் கொடுத்தது. கேட்டவை என்ன தெரியுமா? தார்ப்பாய், அரிவாள், பெண்களுக்கான உள்ளாடை, இரண்டு குழந்தைகளுக்குப் பள்ளிப் புத்தகம். இவற்றில் தார்ப்பாயைத் தவிர வேறெதுவும் அதுவரை வந்த எந்த வண்டியிலும் இல்லை.

மீட்சி என்ற சொல்லை நான் 2019 கோடையில்தான் நம்பத் தொடங்கினேன். புயல் நிவாரணத்துக்காகக் கூடிய இளைஞர்கள், நிவாரணம் முடிந்த பிறகும் கலையவில்லை. கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்று அமைப்பாகித் தாங்களே நிதி திரட்டி, ஐந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த பேராவூரணி பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். வெளிநாட்டு வேலைக் கனவைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவரும், சவூதியிலிருந்து ஒருநாள் சம்பளம் அனுப்பியவரும், பொக்லைனுக்கு டீசல் போட்ட கடைக்காரரும் அதில் இருந்தார்கள். மறியலால் பெயர் கெட்ட கொத்தமங்கலத்திலும் இளைஞர்கள் குளம் வெட்டினார்கள். அந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது, அன்றன்றைய வரவு செலவைக் கரையில் ஒரு பலகையில் எழுதிவைத்த பழக்கம்தான். எங்கள் பகுதிக் குளத்தில் அப்படித்தான் செய்தோம். தண்ணீர் நின்றதும் தோப்பில் வேலை வந்தது. வாழையும் உளுந்தும் ஊடுபயிராக வந்தன. புயலுக்குப் பிறகு கீழத்தெருவுக்கு முதன்முதலாகக் கூலி வந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மனிதநேயத்தைப் பாராட்டும் தலையங்கங்களோடு, அந்த மனிதநேயம் நடப்பதற்கான வாய்க்காலையும் தங்கள் நாளிதழ் வற்புறுத்த வேண்டுகிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் மழை தொடங்கும் முன்பே, ஜெனரேட்டர் யாரிடம், மரம் அறுக்கும் மிஷின் யாரிடம், டிராக்டர் யாரிடம், நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில் என்ற பட்டியலைக் கிராம சபையில் வைத்து எழுதிக்கொள்ள எந்தச் செலவும் ஆகாது. அந்தப் பட்டியல் கடைசித் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூர் வண்டிகளுக்கு மாவட்ட எல்லையிலேயே எந்த ஊருக்கு எது தேவை என்று சொல்ல ஒரு மேசையும் இரண்டு ஆட்களும் போதும். வந்ததும் போனதும் மொய் வாசிப்பதுபோல் ஊர் கூடிய இடத்தில் வாசிக்கப்பட வேண்டும். சத்தமாக வாசித்தால் தப்பு குறையும் என்பது எங்கள் நூறாண்டு அனுபவம். மரம் இல்லாத தொழிலாளிக்கு இழப்பீட்டுப் படிவத்தில் ஓர் இடம் கேட்டு அப்போது நாங்கள் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதைத் தங்கள் வழியாக மீண்டும் நினைவூட்டுகிறேன்.

2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் புதைந்தன. திண்டுக்கல்லில் அதற்காக மொய் விருந்து நடந்த செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் பள்ளி வாசலிலும் ஒரு மேசை போட்டு, நாற்பது பக்க நோட்டில் ‘கேரளம்’ என்று தலைப்பிட்டு உட்கார்ந்தேன். மாலையில் கீழத்தெருவிலிருந்து மட்டை உரிக்கும் அம்மாள் ஒருவர் வந்தார். கொச்சிக் குழுவிடம் தார்ப்பாய் வாங்கியவர். முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார். “எழுதிட்டீங்களா சார்?” என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். “படிங்க” என்றார். பெயரையும் தொகையையும் உரக்கப் படித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.